சுவிட்சர்லாந்துப் பூட்டும் தளவாயின் ஓலையும்

ஈமெயிலைப் பூட்டி அனுப்புகிற வித்தையை நேற்று முந்தாநாள் யாரோ வெள்ளைக்காரப் பையன்கள் கண்டுபிடித்தார்கள் என்று நினைப்பவர்கள் கொஞ்சம் உட்காருங்கள். வாத்ஸ்யாயனர் பேச வேண்டுமாம். ஆமாம், அதே வாத்ஸ்யாயனர்தான்! 'காமசூத்திர'த்தில் எல்லோரும் அவசர அவசரமாகத் தாண்டிப் போகிற ஒரு பகுதி உண்டு. 64 கலைகளின் பட்டியல். பாட்டு, நடனம், மாலை தொடுப்பது என்று போகிற அந்தப் பட்டியலில் 'ம்லேச்சித விகல்பம்' என்று ஒரு ஐட்டம். அடுத்தவருக்குப் புரியாதபடி எழுதும் கலை. அதாவது, என்கிரிப்ஷன். வேறு எதையோ தேடிப் புத்தகம் வாங்கியவர் கண்ணில் இது எங்கே படப்போகிறது!

பிற்பாடு அதற்கு உரை எழுதிய யசோதரர் செய்முறையே கொடுத்திருக்கிறார். அதில் ஒன்றுக்கு 'மூலதேவீயம்' என்று பெயர். எழுத்துகளுக்கு ஜோடி சேர்த்துவிட வேண்டியது. த-வுக்கு ப, ந-வுக்கு ம, இப்படி. ஒன்றை எழுத வேண்டிய இடத்தில் அதன் ஜோடியை எழுத வேண்டும். ஜோடி இல்லாதவை பாவம், அப்படியே நிற்கும். தமிழில் போட்டுப் பாருங்களேன். 'தப்பு' என்று எழுதினால் 'பத்து' என்று விழுகிறது. 'தம்பி' என்றால் 'பந்தி'. ன-வையும் ந கணக்கில் சேர்த்துக்கொண்டால், 'தம்பி வந்தான்' என்ற செய்தி 'பந்தி வம்பாம்' என்று ஆகிவிடுகிறது! நாஞ்சில் நாட்டில் இந்த ஓலையை வழியில் எவன் பறித்துப் படித்தாலும் சந்தேகமே வராது. கல்யாண வீட்டில் பந்தி என்றைக்கு வம்பில்லாமல் நடந்தது?

இந்த விளையாட்டின் மலையாளத்து வாரிசு 'மூலபத்ரி'. மார்த்தாண்ட வர்மாவின் ஒற்றர்கள் இதில்தான் பேசிக்கொண்டார்கள் என்று திருவிதாங்கூரில் ஒரு வழக்கு உண்டு. மன்னருக்கு அதற்கான தேவையும் இருந்தது. ஒரு பக்கம் எட்டு வீட்டுப் பிள்ளைமார் தீர்த்துக்கட்டப் பார்த்தார்கள். இன்னொரு பக்கம், முந்தைய ராஜாவின் பிள்ளைகள் பப்புத் தம்பியும் ராமன் தம்பியும் சிம்மாசனம் தங்களுக்குத்தான் என்று நின்றார்கள். ஆக, 'தம்பி வந்தான்' என்பது அவருக்கு நலம் விசாரிக்கும் வரியல்ல. ராஜா பலா மரப் பொந்துக்குள் ஒளிய வேண்டும் என்பதற்கான அலாரம்.

இத்தனை பாடுபடாமலே ரகசியம் காத்தவர்களும் நம்மூரில் இருந்தார்கள். அழகியபாண்டியபுரம் பெரிய வீட்டு முதலியார் குடும்பம். நாஞ்சில் நாட்டு நிர்வாகத்தில் பெரிய கை. மன்னர் அனுப்பிய நீட்டு, நிலப் பத்திரம், வரிக் கணக்கு, அடிமை விற்ற ஓலை எல்லாம் தலைமுறை தலைமுறையாகக் கட்டுக் கட்டாகச் சேர்ந்தன. அதற்கு என்ன பாஸ்வேர்டு? ஒன்றும் கிடையாது, கையெழுத்துதான்! ஓலையில் புள்ளி வைக்க மாட்டார்கள். வைத்தால் கிழியும். காலுக்கும் ரகரத்துக்கும் வித்தியாசம் எழுதியவருக்கும் இறைவனுக்கும்தான் தெரியும். கடைசியில் கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை வந்து பொறுமையாக உட்கார்ந்து பிரித்துப் படிக்க வேண்டியதாயிற்று. பிற்பாடு அ.கா. பெருமாள் அதை 'முதலியார் ஓலைகள்' என்று புத்தகமாகவே போட்டுவிட்டார். முதலியார் வீட்டுப் பத்தாயத்துக்குப் பக்கத்தில் யாரும் தொடாமல் கிடந்த ரகசியத்தை இப்போது புத்தகக் கண்காட்சியில் பத்து சதவீதத் தள்ளுபடியில் வாங்கலாம்.

சரி, நம்ம கதாநாயகருக்கு வருவோம். இவரும் ஒரு தம்பிதான். தக்கலைக்குப் பக்கத்தில் தலக்குளம் என்ற ஊர், 1765-ல் பிறந்தவர். வேலுத்தம்பி தளவாய். சிலையாக நிற்கும்போது மிகவும் கம்பீரமாக இருப்பார். உயிரோடு இருந்தபோது, கொஞ்சம் ஷார்ட் டெம்பர்.

எவ்வளவு ஷார்ட் என்றால், 1799-ல் திருவனந்தபுரத்தை மூன்று பேர் ஆட்டிப்படைத்தார்கள். ஜயந்தன் சங்கரன் நம்பூதிரி, சங்கரநாராயணன் செட்டி, மாத்து தரகன். கஜானா காலி. ஆகவே வசதியானவர்களைக் கூப்பிட்டு 'இவ்வளவு கட்டு' என்றார்கள். வேலுத்தம்பிக்கும் ஒரு பெரிய தொகை விழுந்தது. மனிதர் பவ்யமாக மூன்று நாள் தவணை கேட்டார். ஊருக்குப் போனார். பணம் திரட்டத்தான் போகிறார் என்று நினைத்தார்கள். அவர் திரட்டியது ஆள்! நாஞ்சில் நாட்டுக் கூட்டத்தோடு திருவனந்தபுரத்து வாசலில் வந்து நின்றார். நம்பூதிரிக்கு நாடுகடத்தல். மற்ற இருவருக்கும் காது போய், சிறை. வசூலுக்குப் போகிறவர்கள் இந்தப் பாராவை லேமினேட் செய்து வைத்துக்கொள்ளலாம்.

அதே மனிதர் தளவாயாகி நாற்காலியில் உட்கார்ந்ததும் கடன்காரனாகிவிட்டதுதான் சரித்திரத்தின் குசும்பு. 1805-ல் கிழக்கிந்தியக் கம்பெனியோடு போட்ட ஒப்பந்தத்தில் திருவிதாங்கூர் ஆண்டுக்கு 8 லட்சம் ரூபாய் கட்ட வேண்டும் என்று ஆகிவிட்டது. கட்ட முடியவில்லை. கம்பெனியின் ரெசிடெண்ட் கர்னல் காலின் மெக்காலே கடிதம் மேல் கடிதம் போட்டார். (நம்மையெல்லாம் ஆங்கிலம் படிக்க வைத்த மெக்காலேயின் பெரியப்பா இவர். கடிதம் எழுதித் தொந்தரவு செய்வது அந்த வீட்டு வழக்கம் போலிருக்கிறது!) பாக்கி எங்கே, எப்போது கட்டுவீர், ஏன் கட்டவில்லை? இன்றைய லோன் ஆப் ஆசாமிகள் செய்வதும் இதேதான். மெக்காலே நம் கான்டாக்ட் லிஸ்ட்டில் உள்ளவர்களுக்கெல்லாம் போன் போடவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

தளவாய் பொறுத்துப் பார்த்தார். பிறகு அவரும் பேனாவை எடுத்தார், அதாவது எழுத்தாணியை. கொச்சியின் மந்திரி பாலியத்தச்சனோடு ரகசியத் தொடர்பு. கோழிக்கோட்டு சாமூதிரிக்கு உதவி கேட்டு ஓலை. பிரெஞ்சுக்காரர்களோடும் கடிதப் போக்குவரத்து வைத்திருக்கிறார் என்று கம்பெனிக்காரர்கள் குற்றம் சாட்டினார்கள். இத்தனை பேருக்கு சிசி போட்டால் ரகசியம் எங்கே தங்கும்? சாமூதிரி படை அனுப்பவில்லை. பிரெஞ்சுக்காரர்கள் வரவில்லை. இன்பாக்ஸ் காலி.

ஆனால் ஒரு மடல் அற்புதமாக வேலை செய்தது. அது நேரே மெக்காலேக்கே போன மடல். சாரம் இதுதான்: 'எனக்கு ஒன்றும் வேண்டாம், பதவியை விட்டுவிடுகிறேன், கோழிக்கோட்டில் போய்ச் சிவனே என்று உட்காருகிறேன், பயணத்துக்கு ஏற்பாடு செய்து தாருங்கள்.' இவர் எப்போது தொலைவார் என்று காத்திருந்த மெக்காலேக்குப் பரம சந்தோஷம். உடனே ஏற்பாடெல்லாம் செய்துவிட்டுக் கொச்சியில் காத்திருந்தார். 1808 டிசம்பர் 28 இரவு கதவு தட்டப்பட்டது. வந்தது தளவாய் அல்ல, ஆயுதத்தோடு ஒரு கூட்டம். தென்னிந்தியாவின் மிகச்சிறந்த ஃபிஷிங் மெயில் என்று இதைத்தான் சொல்ல வேண்டும். எதிராளி எதைப் படிக்க ஆசைப்படுகிறானோ அதையே எழுதி அனுப்புவது! கர்னல் துரை வீட்டுக்குள்ளேயே ஒரு மூலையில் ஒளிந்திருந்துவிட்டு, விடிந்ததும் ஆங்கிலக் கப்பலில் ஏறித் தப்பினார். லிங்க்கை க்ளிக் செய்துவிட்டார், ஓடிபி மட்டும் கொடுக்கவில்லை.

அடுத்த பதினாலாவது நாள், 1809 ஜனவரி 11. குண்டறையில் வேலுத்தம்பி ஒரு கடிதம் வெளியிட்டார். ரகசியமெல்லாம் கிடையாது. ஊரே படிக்கட்டும் என்று எழுதிய விளம்பரம். கம்பெனிக்காரன் உள்ளே வந்தால் உப்புக்கு வரி போடுவான், தென்னைக்கு வரி போடுவான் என்று எச்சரித்தார். அவர் எழுதிய அத்தனை ஓலைகளிலும் இன்றைக்கும் எல்லோரும் நினைவில் வைத்திருப்பது அந்தத் திறந்த மடலைத்தான். ஜனங்களும் திரண்டார்கள். ஆனால் பிப்ரவரியில் ஆரல்வாய்மொழிக் கோட்டை வழியாகக் கம்பெனிப் படை நுழைந்துவிட்டது. தளவாய் வடக்கே மண்ணடிவரை போய் ஒளிந்தார். அவர் இருக்குமிடத்தை எந்த ஓலையும் காட்டிக்கொடுக்கவில்லை. கூட வந்த வேலைக்காரன் தெருவில் பிடிபட்டுத்தான் விஷயம் வெளியே வந்தது என்கிறார்கள். பகைவன் கையில் உயிரோடு சிக்கக் கூடாது என்று தன் முடிவைத் தானே தேடிக்கொண்டார். இந்த இடத்தில் எனக்கும் கிண்டல் வரவில்லை.

பின்னால் வந்த கர்னல் மன்றோ இதிலிருந்து நல்ல பாடம் படித்தார். 1810-ல் ரெசிடெண்ட் ஆனார். 1811-ல் திவான் பதவியையும் தானே எடுத்துக்கொண்டார். இனிமேல் ரெசிடெண்ட் மன்றோ கேள்வி கேட்டுக் கடிதம் எழுத, திவான் மன்றோ பதில் எழுத வேண்டியது. அனுப்புகிறவரும் அவரே, பெறுகிறவரும் அவரே! 'எண்ட் டு எண்ட் என்கிரிப்ஷன்' என்று இன்று சொல்கிறார்களே, அதை இவ்வளவு கச்சிதமாகச் சாதித்த இன்னொரு மனிதர் எனக்குத் தெரிந்து இல்லை.

திருவிதாங்கூரின் சொந்தத் தபாலான 'அஞ்ச'லை மன்றோ காலத்தில் ஒழுங்குபடுத்தினார்கள். அஞ்சலோட்டக்காரர் தோளில் பை, கையில் மணி கட்டிய கோலோடு ரோட்டின் நடுவே ஓடுவார். மணி கேட்டால் எதிரே வருகிறவர் ஒதுங்கியே ஆக வேண்டும். நினைத்துப் பாருங்கள், ராஜ்ஜியத்தின் பரம ரகசியம் ஜல் ஜல் என்று சத்தம் போட்டுக்கொண்டு போகிறது! "ஓய், என்னவே இன்னைக்கு அஞ்சலு இத்தன வெரசலாட்டுப் போவுது? அரமனையில ஏதோ சங்கதி இருக்கு கேட்டீரா!" கடிதத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று ஒருவருக்கும் தெரியாது. கடிதம் போகிறது, எங்கிருந்து போகிறது, எவ்வளவு அவசரமாகப் போகிறது என்பது எல்லோருக்கும் தெரியும். இதற்குத்தான் கம்ப்யூட்டர்காரர்கள் இப்போது 'மெட்டாடேட்டா' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். 1951-ல் அஞ்சல் இந்தியத் தபாலோடு சேர்ந்தது. மணிச் சத்தம் நின்றது. கவனிக்கிற காது நிற்கவில்லை.

இந்தியத் தபாலில் மட்டும் ரகசியம் வாழ்ந்ததா என்ன! 1898-ஆம் ஆண்டு அஞ்சலகச் சட்டத்தின் 26-ஆம் பிரிவு, வேண்டுமானால் அரசாங்கம் உங்கள் கடிதத்தை வழிமறிக்கலாம் என்றது. வெள்ளைக்காரன் போய்விட்டான். சட்டம் போகவில்லை. 2023-ல்தான் பழையதைத் தூக்கிவிட்டுப் புதிய சட்டம் கொண்டுவந்தார்கள். அடிமைச் சின்னங்களை அழிக்கிறோம் என்று உற்சாகமாகக் கொண்டுவந்த அந்தப் புதுச் சட்டத்தில் வழிமறிக்கும் அதிகாரம் மட்டும் 9-ஆம் பிரிவில் பத்திரமாக உட்கார்ந்திருக்கிறது. சில சின்னங்கள் ரொம்ப உபயோகமானவை.

உண்மையைச் சொன்னால் நாஞ்சில் நாட்டுக்காரன் அரசாங்கத்துக்கு என்றைக்கும் பயந்ததில்லை. பக்கத்து வீட்டுக்குத்தான் பயந்தான். கல்ஃப் காலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். குளச்சல், திருவிதாங்கோடு, இரணியல் பக்கமெல்லாம் வீட்டுக்கு ஒருவர் மஸ்கட்டிலோ துபாயிலோ. கடிதம் வரும். வீட்டு அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. எட்டாங்கிளாஸ் படிக்கிற பக்கத்து வீட்டுப் பையன் திண்ணையில் உட்கார்ந்து உரக்கப் படிப்பான். "அன்புள்ள மனைவிக்கு" என்று ஆரம்பிக்கும்போதே அந்த அம்மா முகம் சிவந்து, "அது கெடக்கட்டும் மக்கா, ரூவா எம்புட்டுன்னு இருக்கு, அத வாசி" என்பார். பையன் சத்தமாக வாசிப்பான். மறுநாள் காலையில் சிட்டுக்காரர் வாசலில் நிற்பார்.

இதற்கு மாற்றாக வந்தது கேசட். பேசிப் பதிவு செய்து, லீவில் ஊருக்கு வருகிறவர் கையில் கொடுத்தனுப்புவார்கள். படிக்க ஆள் தேவையில்லை, பிரைவசி பிரச்சினை தீர்ந்தது என்று நினைத்தார்கள். ஆனால் அது தங்கும் இடம் எது? கூடத்தில் இருக்கிற டூ-இன்-ஒன் டேப் ரெக்கார்டர். அதன் வால்யூமோ தெருவில் வருகிறவருக்கெல்லாம் கேட்க வேண்டும் என்ற பெருமையோடு திருகி வைக்கப்பட்டது. மாமியாரைப் பற்றிய வாக்கியம் வருவதற்குள் ஓடிப்போய் நிறுத்தத் தெரிந்த மருமகளே கெட்டிக்காரி.

இப்படிப்பட்ட ஜனம் 2004-ல் ஜிமெயிலைப் பார்த்தது. ஏப்ரல் முதல் தேதி வந்ததால் முட்டாள்தின ஜோக் என்றுதான் உலகமே நினைத்தது. இடம் ஏராளம், காசு கிடையாது. பதிலுக்குக் கடிதத்தை மெஷின் படித்துப் பார்த்துப் பக்கத்தில் விளம்பரம் போடும். நமக்குக் கோபமே வரவில்லை. திண்ணைப் பையனோடு ஒப்பிட்டால் இது எவ்வளவோ மேல். சிட்டுக்காரரிடம் சொல்லாது. 2017-ல், விளம்பரத்துக்காக மடலைப் படிப்பதை விட்டுவிடுகிறோம் என்று கூகுளே அறிவித்தது. அதைக் கேட்டு நிம்மதி அடைந்த நாகர்கோவில்காரர் யாரையும் நான் பார்த்ததில்லை. படித்ததே தெரிந்தால்தானே!

இடையில் 2013-ல் ஸ்னோடன் என்ற இளைஞர், அமெரிக்க உளவுத்துறை உலகத்தின் தபாலையே புரட்டிக்கொண்டிருக்கிறது என்று போட்டு உடைத்தார். அடுத்த வருடமே ஜெனிவாவில், அணுத்துகளை மோதவிட்டுப் பார்க்கும் 'செர்ன்' ஆய்வுக்கூடத்தில் இருந்த சிலர் 'புரோட்டான் மெயில்' ஆரம்பித்தார்கள். பெட்டியின் சாவி உங்களிடம் மட்டும். கடையை நடத்துகிற எங்களாலேயே உங்கள் மடலைத் திறக்க முடியாது என்றார்கள். ஜெர்மனிக்காரர்களின் 'டூட்டா'வும் இதே ஜாதி.

தமிழ்நாட்டுப் போலீஸுக்கு இந்தச் சுவிஸ் பெட்டி நன்றாக அறிமுகமானது 2024 பிப்ரவரி 8 அன்று. சென்னையில் 13 தனியார் பள்ளிகளுக்கு வெடிகுண்டு மிரட்டல், புரோட்டான் மெயிலில்! பெற்றோர்கள் அலறியடித்து ஓடினார்கள். வெறும் புரளி. அனுப்பியவன் யார் என்று தெரியவில்லை. ஆளைப் பிடிக்க முடியவில்லையா, தபால் பெட்டியைப் பிடி! புரோட்டான் மெயிலையே இந்தியாவில் முடக்கச் சொல்லிக் கோரிக்கை தில்லிக்குப் போனது. தில்லியும் தயாரானது. சுவிட்சர்லாந்து அதிகாரிகள் நடுவில் வந்து பேச, அப்போதைக்குத் தடை நின்றது. 2025 ஏப்ரலில் வேறொரு வழக்கில் கர்நாடக உயர்நீதிமன்றமும் முடக்கச் சொல்லி உத்தரவு போட்டது. மொட்டைக் கடிதம் வந்தது என்பதற்காக நாகர்கோவில் மணிமேடைத் தபால் பெட்டியைப் பெயர்த்து எடுத்தால் எப்படி இருக்கும் என்று யாரும் கேட்கவில்லை போலிருக்கிறது.

சுவிஸ்காரர்கள் மட்டும் சத்தியவான்களா? 2021-ல் பிரான்ஸைச் சேர்ந்த ஒரு சுற்றுச்சூழல் போராளியின் ஐபி முகவரியை, சுவிஸ் சட்டப்படி உத்தரவு வந்ததும் எடுத்துக் கொடுத்தார்கள். மடலைத் திறக்கவில்லை, வாஸ்தவம். ஆள் எங்கிருந்து பேசுகிறார் என்பதைக் கொடுத்துவிட்டார்கள். மறுபடியும் அதே மணிச் சத்தம்.

நம்ம பக்கத்து ஊர்க் கூத்தையும் சொல்லிவிடுகிறேன். 2019 அக்டோபர் 29. கூடங்குளம் அணுமின் நிலையத்தில் வைரஸ் புகுந்துவிட்டதாகச் செய்தி. எங்கள் கட்டுப்பாட்டு அமைப்புகள் வெளி உலகத்தோடு இணைக்கப்படவே இல்லை, சைபர் தாக்குதல் சாத்தியமே இல்லை என்று நிலையத்திலிருந்து அடித்துச் சொன்னார்கள். மறுநாள், அக்டோபர் 30. புகுந்தது உண்மைதான், நிர்வாக வேலைக்காக இன்டர்நெட்டில் இணைந்திருந்த ஒரு பிசி-யில், உலைக்குச் சம்பந்தமில்லை என்று அணுமின் கழகமே ஒப்புக்கொண்டது. அணு உலையைச் சுற்றி எத்தனை அடி கனத்தில் சுவர் எழுப்பினாலும், ஆபீஸ் ரூமில் ஒருவருக்கு இன்டர்நெட் வேண்டியிருக்கிறது.

இவ்வளவும் தெரிந்த பிறகும் நம்மூர்க்காரர் ஒருவர் புரோட்டானுக்கு மாறுகிறார் என்று வையுங்கள். முதல் வேலையாக அதை ஊர் முழுக்கச் சொல்வார்.

"என்ன அண்ணாச்சி, மெயில மாத்திட்டியளாம்லா?"

"ஆமாடே, சுவிட்சர்லாந்து. ஒருத்தனும் ஒண்ணும் பாக்க முடியாது."

"அதுல ஒங்களுக்கு யாரு மெயில் போடுகா?"

இந்தக் கேள்விக்கு அண்ணாச்சியிடம் பதில் இல்லை. பேங்க், ஈபி பில், பிஎஃப், மகனின் காலேஜ், ரயில் டிக்கெட் எல்லாம் இன்னும் பழைய ஜிமெயிலுக்கே போகின்றன. புதுப்பெட்டியில் வந்து விழுந்திருப்பது ஒரே ஒரு மடல். 'வருக வருக' என்று கம்பெனிக்காரனே போட்டது. அதுவும் பலத்த பாதுகாப்போடு இருக்கிறது.

அதுவாவது போகட்டும். அண்ணாச்சி புரோட்டானிலிருந்து மச்சினரின் ஜிமெயிலுக்கு எழுதினால், தனியாக பாஸ்வேர்டு போட்டுப் பூட்டி அனுப்பினால் ஒழிய, அது கூகுள் வீட்டில் திறந்த கடிதமாகத்தான் இறங்கும். இரண்டு முனையிலும் பூட்டு இருந்தால்தான் பூட்டு. அதைவிடக் கூத்து, புரோட்டானில் மடலின் தலைப்பு வரிக்கு அந்தப் பூட்டு கிடையாது! அண்ணாச்சி என்ன செய்வார்? தலைப்பில் 'இரணியல் வயல் விற்கிற விஷயம், தங்கச்சிக்குத் தெரிய வேண்டாம்' என்று விலாவாரியாக எழுதிவிட்டு, உள்ளே 'போன் பண்ணவும்' என்று ஒரு வரியை மட்டும் ராணுவத் தரத்தில் பூட்டி அனுப்புவார்.

அதற்காக மாறவே வேண்டாம் என்கிறேனா? மாறுங்கள். விளம்பரக்காரன் கண் படாமல் நாலு வரி எழுத மனிதனுக்கு உரிமை உண்டு. தலைப்பில் 'நலம்' என்று மட்டும் போடுங்கள். மச்சினரையும் கூடவே இழுத்துக்கொண்டு போங்கள். முக்கியமாக ஒன்று. கணக்கைத் திறந்ததும் மீட்புக்கான பன்னிரண்டு வார்த்தைகளை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பாஸ்வேர்டும் மறந்து, அதுவும் தொலைந்து, வேறு மீட்பு வழியும் வைத்திருக்காவிட்டால், பழைய மடல்களை உங்களுக்கும் திறந்துகொடுக்க ஆளில்லை. ஜெனிவாவுக்கே நேரில் போய் அழுதாலும் நடக்காது. ஒரு தாளில் எழுதி பீரோவில் வையுங்கள். தயவுசெய்து அதைப் போட்டோ எடுத்து ஃபேமிலி வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிடாதீர்கள்.